சம்பளம் நேரில்

திருவண்ணாமலைப் பேருந்து நிலையத்தில் இறங்கி தேரடி வீதிப் பக்கம் நடந்தால், ஓட்டல் வாசல்களில் மெனு பலகைக்குப் பக்கத்தில் இன்னொரு தாளும் ஒட்டியிருப்பதைப் பார்க்கலாம். வெயிலில் எழுத்து மங்கி, செல்லோடேப் மஞ்சளாகிப் போன தாள். 'ஆட்கள் தேவை. தோசை மாஸ்டர், சப்ளையர், கிளீனர். உணவு, தங்கும் இடம் இலவசம். சம்பளம் நேரில்.' கீழே ஒரு கைபேசி எண்.

டேப் மஞ்சளாகும் அளவுக்கு ஒரு தாள் தொங்குகிறது என்றால், ஆள் கிடைக்கவில்லை அல்லது கிடைத்த ஆள் நிற்கவில்லை என்று அர்த்தம். கல்லாவில் உட்கார்ந்திருப்பவரிடம் பேச்சுக் கொடுத்தால் முதலில் வருகிற புலம்பலும் அதுதான்: "இப்போ யாருங்க ஓட்டல் வேலைக்கு வர்றாங்க?" நியாயமான கவலை. ஆனால் அந்தத் தாளை மறுபடி படியுங்கள். சோறு எழுதியிருக்கிறது, படுக்க இடம் எழுதியிருக்கிறது. சம்பளம் எவ்வளவு, எத்தனை மணி நேரம், வாரத்தில் எந்த நாள் லீவு என்பதெல்லாம் இல்லை. எழுதினால் சிக்கிக்கொள்வோம் என்று தோன்றுகிற விஷயங்கள் எல்லாம் 'நேரில்'.

ஓட்டல் வாசலில் என்ன எழுதுவது என்பதற்காகவே இந்த மாநிலத்தில் ஒரு போராட்டம் நடந்திருக்கிறது. 1957ல் சென்னை திருவல்லிக்கேணி முரளி கபேயின் பெயர்ப் பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை எடுக்கச் சொல்லி பெரியாரின் திராவிடர் கழகத்தினர் நாள் தவறாமல் மறியல் செய்து கைதானார்கள். அந்தச் சொல், யார் எங்கே உட்கார்ந்து சாப்பிடலாம் என்ற கேள்வியோடு பிணைந்திருந்தது. சாப்பாடு போடுகிறவனுக்கு என்ன கிடைக்கும் என்று எழுதச் சொல்லி இதுவரை எந்த ஓட்டல் வாசலிலும் பெரிதாக யாரும் நின்றதில்லை.

பௌர்ணமிக் கணக்கு

இந்த ஊரில் ஓட்டல் தொழில் மற்ற ஊர்களைப் போல நடப்பதில்லை. மாதத்தில் ஓர் இரவு, மலையைச் சுற்றியுள்ள 14 கிலோமீட்டர் பாதை முழுக்க மனிதத் தலைகள். சித்ரா பௌர்ணமியும் கார்த்திகை தீபமும் வந்துவிட்டால் லட்சக்கணக்கில் கூட்டம். சில ஆண்டுகளாக ஆந்திராவிலிருந்தும் தெலங்கானாவிலிருந்தும் வருகிறவர்கள் பெருகியதில், மாட வீதிகளில் தெலுங்குப் பலகைகள் முளைத்திருக்கின்றன. செங்கம் சாலையில் ரமணாசிரமப் பக்கம் கதையே வேறு. நவம்பரில் தொடங்கும் வெளிநாட்டவர் சீசன் மார்ச் வெயில் ஏறியதும் கரைந்துவிடும்.

பௌர்ணமி இரவில் தோசைக்கல்லின் பின்னால் நிற்பவரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கல்லில் தண்ணீர் தெளித்து, விளக்குமாற்றால் இழுத்துத் துடைத்து, ஒரே கரண்டி மாவை வட்டமாகப் பரப்பி, ஓரத்தில் எண்ணெய் விட்டு, அடுத்த தோசைக்கு நகர்கிறார். கடைசி தோசையை ஊற்றி முடிக்கும்போது முதல் தோசை மடிக்கத் தயார். மணிக்கட்டு நிற்பதே இல்லை. முகத்துக்கு நேரே அனல். காற்றாடி வைக்க முடியாது, அடுப்புச் சுடர் அலையும், கல் சூடு ஒரே சீராக நிற்காது. தோளில் கிடக்கும் துண்டுதான் விசிறி. வெளியே "அரோகரா" சத்தம் ஏற ஏற, உள்ளே "ரெண்டு ரோஸ்ட், ஒரு ஆனியன்" சத்தமும் ஏறுகிறது.

சப்ளையர் பக்கம் வாருங்கள். நான் பார்த்தவர் இருபதைத் தாண்டி ஒன்றிரண்டு வயதுதான் இருக்கும். பேச்சு வாடை ஒடிசாவோ பீகாரோ. மேசைக்கு வந்ததும் இட்லி, பொங்கல், பூரி, ரவா தோசை என்று தமிழில் ஒரே மூச்சில் ஒப்பிக்கிறார். பக்கத்து மேசையில் குடும்பம் தெலுங்கு பேசுவது காதில் விழுந்ததும் "ஏம் காவாலண்டி?" என்று திரும்புகிறார். அடுக்களைக்குள் போனால் இந்தி. மூன்று மொழியில் வியாபாரம் செய்கிறவருக்கு வேறு எந்த அலுவலகத்திலாவது தனிப் பெயரும் தனிப் படியும் இருக்கும். இங்கே அவர் பெயர் 'பையன்'. ஐம்பது வயதானாலும் ஓட்டலில் சப்ளையர் பையன்தான்.

கூட்டம் ஒரு நாள், ஈ ஓட்டுவது பத்து நாள். ஆகவே நிரந்தரமாக ஆள் வைத்துக் கட்டுப்படியாகாது என்பது முதலாளிகளின் வாதம். பௌர்ணமிக்கு மட்டும் 'கேட்டரிங் பசங்க' வருவார்கள். கல்யாணப் பந்தியில் பரிமாறிப் பழகிய கல்லூரி மாணவர்கள், ஒரு வேளைக்கு இவ்வளவு என்று பேசிக்கொண்டு. அதில் தப்பில்லை, பையன்களுக்கும் பரீட்சைக் கட்டணத்துக்கு ஆகும். ஆனால் இந்த வாதத்தில் எனக்கு ஒரு சந்தேகம். ஆண்டுக்கு 12 பௌர்ணமி, சில ஆண்டில் 13. எந்தத் தேதி, எத்தனை மணிக்குத் திதி தொடங்கி எப்போது முடிகிறது என்பதுவரை முந்தைய ஆண்டே பஞ்சாங்கத்தில் அச்சாகிவிடுகிறது. திருப்பூர்ப் பனியன் கம்பெனிக்கு ஆர்டர் எப்போது வரும் என்று ஒரு வருடத்துக்கு முன்பே தெரியுமா? திருவண்ணாமலை ஓட்டலுக்குத் தெரியும். வருடம் முழுவதற்கும் வேலை நேரத்தைத் திட்டமிட இதைவிட வசதியான ஊர் தமிழ்நாட்டில் இல்லை. அரிசிக்கும் உளுந்துக்கும் அந்தத் தேதியைப் பார்த்துத்தான் ஆர்டர் போடுகிறார்கள். ஆளுக்கு மட்டும் கடைசி நேரத் தொலைபேசி.

இடையில் உடைந்த நாள்

ஓட்டல் வேலையைக் கெடுப்பது சம்பளத்தைவிட நேரம்தான் என்பது என் எண்ணம். காலை 5 மணிக்கு அடுப்பு பற்றவைத்தால் 11 மணிவரை டிபன். 12 முதல் 4 வரை சாப்பாடு. பிறகு இரண்டு மணி நேரம் கண் அயரலாம். மாலை 6க்கு மறுபடி கல் சூடேறினால் இரவு 11. நடுவில் கிடைக்கும் துண்டு ஓய்வுகளைக் கழித்துக் கணக்குக் காட்டினால் 'அவ்வளவு ஒன்றும் இல்லையே' என்று சொல்லலாம். ஆனால் அந்த மனிதரின் நாள் காலை 5க்குத் தொடங்கி இரவு 11க்கு முடிகிறது. பிள்ளையைப் பள்ளியில் விட முடியாது, ஒரு கல்யாணத்துக்குத் தலைகாட்ட முடியாது. உள்ளூர்க்காரர் இந்த வேலைக்கு வராததற்கும், குடும்பத்தை விட்டுவிட்டு வந்த வெளிமாநில இளைஞர்கள் மட்டுமே தாக்குப்பிடிப்பதற்கும் இதுவே காரணம். 'தங்கும் இடம் இலவசம்' என்பதையும் இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். மாடியில் பாய் விரித்துப் படுப்பவரைக் காலை நாலரைக்குத் தட்டி எழுப்பலாம். தன் வீட்டில் படுப்பவரை முடியாது.

18 மணி நேரத்தை இரண்டாக வகுத்தால் ஒன்பது. இரண்டு குழு, ஒன்று காலைக்கு, ஒன்று மாலைக்கு. பெரிய நகரங்களின் சங்கிலி ஓட்டல்கள் பல இப்படித்தான் ஓடுகின்றன. சின்ன ஓட்டலுக்கு இரண்டு மாஸ்டர் வைக்கக் கையைக் கடிக்கும் என்பது உண்மை. ஆனால் ஒரே மாஸ்டருக்குப் பெரிய தொகையை அட்வான்ஸாகக் கொடுத்து, அவர் ஆறு மாதத்தில் பக்கத்துக் கடைக்குத் தாவி, அட்வான்ஸைத் திரும்ப வாங்க அலைகிற செலவை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. அட்வான்ஸ் என்பது இரு பக்கமும் கட்டிய கயிறு. மாஸ்டரால் முறையாக விலக முடியாது, முதலாளியால் அனுப்ப முடியாது.

ஆள் இல்லை என்கிறார்களே, இந்த மாவட்டத்தில் ஆளுக்கா பஞ்சம்? செங்கம் வழியாக பெங்களூரு போகும் பேருந்துகளில் கட்டட வேலைக்குப் போகிறவர்களைப் பார்க்கலாம். 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டப் போனதாகச் சொல்லி 20 பேர் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். அவர்களில் பலர் இந்த மாவட்டத்து ஊர்களைச் சேர்ந்தவர்கள். ஆந்திராவிலிருந்து பஸ் பஸ்ஸாக இந்த ஊருக்குச் சாப்பிட வருகிறார்கள். இந்த ஊரைச் சுற்றியுள்ளவர்கள் கூலி தேடி ஆந்திரக் காட்டுக்குப் போயிருக்கிறார்கள்.

எட்டு தோசை

நம் ஓட்டல் தொழிலாளிக்குச் சட்டம் இல்லாமல் இல்லை. தமிழ்நாடு உணவு நிறுவனங்கள் சட்டம் 1958லேயே வந்துவிட்டது. வேலை நேரம், வார விடுமுறை, சம்பளத்தோடு விடுப்பு எல்லாம் அதில் இருக்கின்றன. ஓட்டல் தொழிலுக்குக் குறைந்தபட்ச ஊதியமும் உண்டு, அகவிலைப்படியும் விலைவாசியைப் பார்த்து ஏறும். 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளை ஓட்டல், டீக்கடை, தாபாக்களில் வேலைக்கு வைக்கக் கூடாது என்ற தடை 2006 அக்டோபர் 10ல் அமலானது. நம் சிறுவயதில் பார்த்த 'தண்ணி பையன்' இன்று ஓட்டல்களில் பெரும்பாலும் இல்லை என்றால், அதில் அந்தத் தடைக்கும் பங்கு உண்டு. சட்டம் வேலை செய்யாது என்று சலித்துக்கொள்கிறவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். கடைசியாக, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வருவதாக மத்திய அரசு அறிவித்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள், எல்லாத் தொழிலாளர்களுக்கும் நியமனக் கடிதம் கொடுக்க வேண்டும் என்கின்றன. அந்தத் தொகுப்புகளில் தொழிற்சங்கங்கள் எதிர்க்கும் பகுதிகள் நிறைய உண்டு. இந்த ஒரு வரியை எந்தச் சங்கமும் எதிர்க்காது.

கடிதம் வந்தால் என்ன ஆகும் என்பதற்கு இ.எஸ்.ஐ. நல்ல உதாரணம். 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடை, மாதம் 21,000 ரூபாய்வரை சம்பளம் வாங்கும் ஊழியரைப் பதிவு செய்ய வேண்டும். தொழிலாளியின் பங்கு 0.75 சதவிகிதம், முதலாளியின் பங்கு 3.25 சதவிகிதம். 15,000 ரூபாய் சம்பளக்காரருக்குக் கணக்குப் போட்டால், அவர் பையிலிருந்து 112 ரூபாய் 50 காசு, முதலாளி கட்டுவது 487 ரூபாய் 50 காசு. தோசை 60 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மாதத்துக்கு எட்டு தோசை. அந்த எட்டு தோசைக்கு, அந்த மனிதருக்கும் குடும்பத்துக்கும் மருத்துவம். உடம்பு முடியாமல் படுத்தால் கூலியில் 70 சதவிகிதம், ஆண்டில் 91 நாள்வரை. கொதிக்கிற சாம்பார் அண்டா கவிழ்ந்து காலில் கொட்டினால் அதற்குத் தனி இழப்பீடு. நாள் முழுக்க நின்றே காலில் நரம்பு சுருட்டிக்கொண்ட மாஸ்டர்களும், பாத்திரம் கழுவிக் கழுவி விரலிடுக்கில் புண் ஆறாத பெண்களும் இந்தத் தொழிலில் எங்கும் உண்டு. 'அடிபட்டா நாங்க பாத்துக்குவோம்' என்று சொல்கிற முதலாளிகளில் பலர் நிஜமாகவே பார்த்துக்கொள்கிறார்கள். ஆனால் அது அவருடைய மனசு. கடை கைமாறினால், அவர் காலமானால், மகன் கல்லாவில் உட்கார்ந்தால்?

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது கிரிவலமும் நின்றது. தடை நீங்கி மக்கள் மறுபடி மலை சுற்ற ஏறத்தாழ இரண்டு ஆண்டு ஆனது. இ.எஸ்.ஐ. பதிவு இருந்தவர் வேலை இழந்தால், விதிகளுக்கு உட்பட்டு, சராசரி ஊதியத்தில் பாதியை 90 நாள்வரை கேட்டுப் பெற அப்போது வழி இருந்தது. 'சம்பளம் நேரில்' பேசி வந்தவர், தான் இந்தக் கடையில் வேலை செய்தேன் என்று எதைக் காட்டுவார்? சட்டையில் பிடித்த எண்ணெய்க் கறையையா?

அண்ணாச்சியும் காபி ஹவுஸும்

தொழிலாளிக்கு நல்லது செய்த தமிழ் ஓட்டல் எது என்றால், பலரும் சரவண பவனைத்தான் சொல்வார்கள். 1981ல் சென்னை கே.கே.நகரில் பி.ராஜகோபால் தொடங்கியது. மளிகைக் கடைக்காரராக இருந்து ஓட்டல்காரரானவர். ஊழியர்களுக்குத் தங்குமிடம், மருத்துவச் செலவு, பிள்ளைகள் படிப்புக்கு உதவி என்று இந்தத் தொழிலில் யாரும் யோசிக்காததை எல்லாம் செய்தார். ஊழியர்கள் அவரை 'அண்ணாச்சி' என்றே அழைத்தார்கள். ஓட்டல் வேலையில் ஓய்வு பெறும்வரை நிற்கலாம் என்ற எண்ணமே அங்கே பலருக்கு முதல்முறையாக வந்தது. சுவை எந்தக் கிளையிலும் மாறாமல் இருந்ததற்கு, ஆள் மாறாமல் இருந்ததும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

அதே அண்ணாச்சி, தன் ஊழியர் ஒருவரின் மகளை மணக்க விரும்பி, அந்தப் பெண்ணின் கணவரை 2001ல் கொலை செய்வித்த வழக்கில் ஆயுள் தண்டனை பெற்றார். 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தது. அந்த ஜூலையில் இறந்தார். அவர் செய்த நல்லது பொய் என்று சொல்ல வரவில்லை. அது பல குடும்பங்களைத் தூக்கி நிறுத்தியது. ஆனால் எல்லாம் ஒரு மனிதரின் கையிலிருந்து வரும்போது, அந்தக் கை எங்கெல்லாம் நீளும் என்று கேட்க வாங்குகிறவருக்குத் தெம்பு இருப்பதில்லை.

இன்னொரு மாதிரி இங்கிருந்து நூறு கிலோமீட்டருக்குச் சற்று கூடுதலான தொலைவில், புதுச்சேரி நேரு வீதியில் இருக்கிறது. இந்தியன் காபி ஹவுஸ். யான் மார்ட்டலின் 'லைஃப் ஆஃப் பை' நாவலின் முன்னுரையில் வருகிற அதே கடை. 1950களில் காபி வாரியம் தன் காபி ஹவுஸ்களை மூடத் தொடங்கியபோது, வேலை இழந்த ஊழியர்கள் ஏ.கே.கோபாலன் போன்ற தலைவர்களின் துணையோடு கூட்டுறவுச் சங்கம் அமைத்துக் கடைகளைத் தாங்களே நடத்த ஆரம்பித்தார்கள். 1957ல் பெங்களூரு, டெல்லி, 1958ல் திருச்சூர். விசிறி வைத்த தலைப்பாகையோடு காபி கொண்டுவருபவர் அந்தச் சங்கத்தின் உறுப்பினர். கேரளக் கிளைகளில் மேசை துடைப்பவராகச் சேர்ந்து மேலாளராக உயர்ந்தவர்கள் உண்டு. குறைகளும் உண்டு. சர்வீஸ் நிதானம், நாற்காலி பழசு, மெனு மாறாது. கட்லெட்டில் பீட்ரூட் இல்லாத நாள் வராது. ஆனால் அறுபது ஆண்டைத் தாண்டி ஓடியிருக்கிறது. இந்தத் தொழிலில் அது சின்ன விஷயமில்லை.

திருவண்ணாமலை ஓட்டல்கள் எல்லாம் நாளைக்கே கூட்டுறவாகிவிடும் என்று கனவு காணவில்லை. அண்ணாச்சியின் வசதிகள், காபி ஹவுஸின் எழுத்துக் கணக்கு இரண்டும் ஒரே கூரையின் கீழ் வந்தால் போதும்.

இந்த ஊருக்குக் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. இங்கே சோறு போடுவது புண்ணியம். கோயிலில் அன்னதானம், ஆசிரமங்களில் அன்னதானம், பௌர்ணமிக்குப் பாதையெங்கும் அன்னதானம். சோற்றைப் புண்ணியமாகப் பார்க்கும் ஊர், சோற்றின் பின்னால் உள்ள உழைப்பையும் தொண்டு என்றே பார்க்கப் பழகிவிடுகிறது. தொண்டுக்கு நேரம் பார்ப்பாரா யாராவது? ரமணர் விடியலுக்கு முன்பே எழுந்து ஆசிரம அடுக்களையில் காய் நறுக்கியிருக்கிறார். பந்தியில் தனக்கு மட்டும் கூடுதலாக ஒரு கரண்டி விழுந்தாலும் ஏற்கமாட்டார். அந்தச் சமக்கணக்கை எடுத்துக்கொள்ளாமல், சம்பளமில்லா உழைப்பை மட்டும் இந்த ஊர் எடுத்துக்கொண்டதோ என்று சில நேரம் தோன்றும்.

பில்லில் இரண்டு ரூபாய்

காசு எங்கிருந்து வரும்? சின்னக் கணக்கு. 12 பேர் வேலை செய்யும் ஓட்டல். ஆளுக்கு மாதம் 3,000 ரூபாய் கூட்டினால் 36,000. ஒரு நாளைக்கு 600 பில் போகிறது என்று வைத்தால் மாதத்துக்கு 18,000 பில். ஒரு பில்லுக்கு இரண்டு ரூபாய். சிறப்பு தரிசனத்துக்குக் கட்டணம் கட்டி, ஊர் எல்லையில் பார்க்கிங்குக்குக் கட்டி, ஆட்டோவில் பேரம் பேசாமல் ஏறுகிற நாம் இட்லியில் இரண்டு ரூபாய் கூடினால்தான் கொதிக்கிறோம். அந்த இரண்டு ரூபாய் கூடிய பிறகும் அடுக்களைக்குப் போகாமல் கல்லாவிலேயே தங்கிவிடும் என்ற சந்தேகம் நமக்கு இருக்கிறது. அந்தச் சந்தேகம் நியாயமானது.

டிப்ஸ் அந்த இடத்தை நிரப்பாது. டிப்ஸ் மேசைக்கு வருபவருக்குப் போகும். உள்ளே வெங்காயம் உரிப்பவரை வாடிக்கையாளர் பார்ப்பதே இல்லை. அமெரிக்காவில் டிப்ஸை நம்பி ஊதியச் சட்டத்தையே எழுதினார்கள். டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு முதலாளி தர வேண்டிய கூட்டாட்சிக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 2.13 டாலர். 1991லிருந்து அது அங்கேயே நிற்கிறது. நியூயார்க்கின் பிரபல ஓட்டல்காரர் டேனி மேயர் 2015ல் டிப்ஸே வேண்டாம், சம்பளமாகவே தருகிறேன் என்று மாற்றிப் பார்த்தார். 2020ல் பழைய வழிக்கே திரும்பினார்.

சிங்கப்பூர் வேறு வழியில் போயிருக்கிறது. 2023 மார்ச் முதல் உணவகத் தொழிலுக்குப் படிநிலை ஊதியம். உதவியாளர், சமையலர், மூத்த சமையலர் என்று படிகள், பயிற்சி முடித்தால் அடுத்த படி, படிக்கு ஏற்ற கீழ்வரம்புச் சம்பளம். ஒரு குறை, அது அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான். லிட்டில் இந்தியாவில் தோசை ஊற்றும் நம்மூர் மாஸ்டர் அந்தப் படியில் இல்லை.

நமக்கும் அந்தப் படிதான் வேண்டும். இன்று கிளீனராகச் சேர்ந்தவர் என்றைக்குச் சப்ளையர் ஆவார், சப்ளையர் எதைக் கற்றால் சரக்கு மாஸ்டர் ஆவார் என்று எங்கும் எழுதியில்லை. மாஸ்டரின் கண்ணில் பட வேண்டும், அவ்வளவுதான். யாரை அடுப்புப் பக்கம் விடுவது, யாரை எச்சில் இலை எடுப்பதிலேயே வைப்பது என்பதில் சாதியும் மெல்ல எட்டிப்பார்க்கும் என்பதை ஓட்டல் நடத்துகிறவர்கள் தனியாகப் பேசும்போது மறுப்பதில்லை. பெண்கள் நிலை இன்னும் விசித்திரம். 2013ல் தொடங்கிய அம்மா உணவகத்திலும், 2022ல் தொடங்கிய பள்ளிக் காலை உணவுத் திட்டத்திலும் மகளிர் குழுப் பெண்கள் பெரிய அண்டாக்களில் சமைத்துக் காட்டிவிட்டார்கள். தனியார் ஓட்டலில் அதே பெண்கள் காய் நறுக்கவும் பாத்திரம் கழுவவும் மட்டுமே. 'மாஸ்டர்' என்ற சொல்லுக்குப் பெண்பால் நம் ஓட்டல்களில் இன்னும் பிறக்கவில்லை. ஒன்பது மணி நேர ஷிப்டும், பூட்டு உள்ள ஒரு உடைமாற்றும் அறையும், சுத்தமான கழிப்பறையும் இருந்தால் பிறக்கலாம்.

ஓட்டல் வேலைக்காரனுக்குப் பெண் கொடுக்க யோசிக்கிறார்கள் என்பது இந்தத் தொழிலில் வேடிக்கையாகச் சொல்லிக்கொள்கிற சோகம். பெண் வீட்டார் கேட்பது மூன்றே கேள்விதான். எவ்வளவு சம்பளம், எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருவார், லீவு எப்போது.

ஊருக்குக் கிளம்பும் முன், முதலில் பார்த்த தாளில் இருந்த எண்ணுக்கு நானும் அழைத்துப் பார்த்தேன். எதிர்முனையில் தட்டு மோதும் சத்தம்.

"மாஸ்டரா, சப்ளையரா?"

"சப்ளையர். சம்பளம் எவ்வளவுண்ணே?"

"நேர்ல வாங்க தம்பி, பேசிக்கலாம்."

"வேலை நேரம்?"

"அதெல்லாம் ஒண்ணும் பிரச்சினை இல்ல. சாப்பாடு, ரூம் எல்லாம் நம்மளது."

"வார லீவு உண்டா?"

கொஞ்ச நேரம் பதில் இல்லை. யாரோ பார்சல் கேட்கிறார்கள், அவர் அதற்குப் பதில் சொல்கிறார். பிறகு, "பௌர்ணமிக்கு ரெண்டு நாள் முன்னாடியே வந்துடுங்க தம்பி. மத்தது அப்புறம் பாத்துக்கலாம்."